பென்னலூர்ப் பிரயாணம்

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லியையும் நசரேத்பேட்டையையும் கடந்து, செம்பரம்பாக்கம் ஏரியின் நெடுங்கரையை இடப்புறம் விட்டு, தண்டலம், இருங்காட்டுக்கோட்டை என்ற பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பின்னே தள்ளிக்கொண்டு மேற்கே செல்பவனுக்கு, ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குச் சற்று முன்னால் பென்னலூர் என்று ஓர் ஊர் இருப்பதை அறிவிப்பது பேருந்து நடத்துநரின் குரல் ஒன்றுதான்; அந்தக் குரலும் ஊரின் பெயரைச் சொல்லாமல், 1985-இல் தோன்றி இப்போது இந்தச் சாலையோரத்தில் நிலைபெற்றிருக்கும் பொறியியல் கல்லூரியை உத்தேசித்து, "காலேஜ் எறங்கு, காலேஜ்" என்றே கூவுகிறது. இறங்கி நின்றால், ஊர் சாலைக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது சட்டென்று புலப்படுவதில்லை. எதிர்ப்புறம் போவதற்குச் சாலையைக் கடக்க வேண்டும். அதைக் கடப்பதற்கு ஒருவனுக்கு வேண்டிய தைரியம், நான் பிறந்து வளர்ந்த கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணத்தை நடத்தி முடிப்பதற்குப் போதுமானது.

க்ஷேத்திராடனம் செய்பவனும், காட்சிகளைக் காணப் புறப்பட்டவனும் தாம் போகும் ஊரைப் பற்றிப் படித்தும் கேட்டும் ஒரு சித்திரத்தை மனத்தில் எழுதிக்கொண்டு போகிறார்கள். உத்தியோக நிமித்தமாகப் போகிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடைகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பென்னலூருக்கு உட்புறமாக ஒரு தொழிற்கூடத்தில் எடைமேடை ஒன்று பொய் சொல்லத் தொடங்கிவிட்டது என்று தகவல் வந்தது; கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்; அவ்வளவுதான்.

எடைமேடையைச் சாலையோரங்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அதன் அடியில் குனிந்து பார்த்தவர்கள் மட்டும் மிகச் சிலர். அறுபது டன் வரை தாங்கும் அந்த இரும்பு மேடை, லோட் செல் என்று வழங்கும் சிறிய உருக்கு உருளைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. லாரி மேலே ஏறியதும் அந்த உருக்கு, கண்ணுக்குத் தெரியாத அணுப்பிரமாணமான ஒரு தூரம் அமுங்குகிறது. அதன் மேனியில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணாக்கி, அறைக்குள் இருக்கும் பெட்டி சிவப்பு விளக்கில் காட்டுகிறது. இத்தனை சூக்ஷ்மமான ஏற்பாட்டுக்கு மூன்று பரம வைரிகள் உண்டு: இடி, எலி, தண்ணீர். இங்கே வந்திருந்தது தண்ணீர். கார்த்திகை மாதத்து மழையில் மேடையின் அடிக்குழி நிரம்பி, உருளைகளில் சில மூழ்கிப் போயிருந்தன. குழியை இறைத்து, கெட்டவற்றை மாற்றி, சோதனைக் கற்களை ஒவ்வொரு மூலையிலும் ஏற்றிப் பார்த்து, பிறகு தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரையிட்டால்தான் அந்த எடை சட்டப்படி செல்லும். ஆண்டுக்கொரு முறை அந்த முத்திரையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மாற்று உருளைகள் கோவையிலிருந்து பார்சலில் வர வேண்டும். சோதனைக் கற்களை ஏற்றிய வண்டி வேறொரு ஊரிலிருந்து வர வேண்டும். ஆய்வாளருக்கு நாள் குறித்துக் கிடைக்க வேண்டும். ஆகவே, வேலை செய்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரம் அதிகமாயிற்று. இந்தப் பிராந்தியத்தை நான் பார்த்ததெல்லாம் அந்தக் காத்திருப்பின் உபயத்தால்தான்.

சர்வீஸ் ரோடு என்று சொல்லும் அணுகுசாலையை ஒட்டி ஒரு விடுதியில் எனக்கு அறை கிடைத்தது. அந்த விடுதியின் விசேஷம், அதன் கட்டில்கள் ஒருபோதும் ஆறுவதில்லை என்பதுதான்: இரவு ஷிப்டுக்குப் புறப்படுகிறவன் எழுந்த கட்டிலில் பகல் ஷிப்டு முடிந்து வந்தவன் சாய்கிறான். விடுதி நடத்துகிறவர் நல்ல மனிதர். வெந்நீர் கேட்டால் கொடுப்பார். சுத்தத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் படுப்பதற்கு என்று அங்கே எல்லாம் இருந்ததே தவிர, உட்காருவதற்கு ஒன்றும் இல்லை. திண்ணை கிடையாது, நாற்காலி கிடையாது, வாசலில் நின்று பேசவும் இடமில்லாதபடி மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்திருந்தன. வெளியே வந்தால் தேநீர்க் கடைகளில் நின்றே குடித்துவிட்டு நகர வேண்டும். நிழற்குடை ஒன்று இருந்தது. அதன் பெஞ்சு எப்போதோ போய்விட்டது, இரும்புக் கால்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கையில் பொழுது மிகுந்திருக்கும் ஒருவன், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓர் அரைமணி நேரம் அமர்வதற்கு எங்கே போவது என்ற கேள்வி, முதலில் எனக்கே அற்பமாகத் தோன்றியது. நாளாக ஆக, இந்த நெடுஞ்சாலைப் பிரதேசத்தைப் பற்றி நான் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்ற அபிப்பிராயம் எனக்குள் வலுத்துவிட்டது.

எடைமேடையின் அறையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்திருந்தார்கள். பக்கத்து வளாகத்தில் வேலை செய்துகொண்டிருந்த இன்னொரு மேடைக்குச் சீட்டு எழுதும் பையனும் அதே அறையில்தான் இருந்தான். எடைச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு நாட்டின் பொருளாதாரம் தெரியும் என்று என் குருநாதர் சொல்வார். இங்கே அது பிரத்தியட்சமாயிற்று. கண்ணாடிக்கு வேண்டிய மணல், டயருக்கு வேண்டிய கரி, அச்சு வார்ப்புக்கு வேண்டிய அலுமினியக் கட்டி, தகட்டுச் சுருள், பிறகு அவற்றிலிருந்தெல்லாம் வெட்டியெறிந்த கழிவு இரும்பு, எல்லாம் இந்த வழியாகத்தான் போகின்றன, வருகின்றன. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் அடியெடுத்து வைத்து, 1998-இல் முதல் காரை வெளியே அனுப்பிய காலத்திலிருந்து இந்தச் சாலையின் இரு மருங்கும் மாறத் தொடங்கின. அதன் பிறகு செயின்ட் கோபெய்ன் கண்ணாடி வந்தது. தெற்கே, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒரகடம், முன்பு பேருந்து மாறுகிறவர்கள் இறங்கும் ஒரு நாற்சந்தியாக இருந்தது. 2010-இல் ரெனோ-நிசான் கார்களும், 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகளும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கிருந்து புறப்படலாயின. 1971-இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட், நிலத்தை எடுத்துச் சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து வைத்ததனால்தான் இவர்கள் இத்தனை வேகமாக வந்து இறங்க முடிந்தது என்பது உண்மை. அந்த நிலத்தில் நெல் விளைந்தது என்பதும் அதே அளவு உண்மை.

லாரிகளோடு லாரிக்காரர்களும் வந்தார்கள். கார்களை இரண்டு தட்டாக ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டி ஒன்று நாகாலாந்துப் பதிவெண்ணுடன் வந்து நின்றது; ஓட்டி வந்தவர் ராஜஸ்தானத்தார். நாகாலாந்தைத் தாம் ஆயுளில் கண்டதில்லை என்று, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் நான் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொல்லிச் சிரித்தார். இன்னொருவர் ஹரியானாக்காரர், தம் வண்டியின் காலி எடை சென்ற தடவையைவிட எண்பது கிலோ கூடுதலாகக் காட்டுகிறது, மேடை தப்பு என்று சீட்டுப் பையனிடம் வாதாடினார். வண்டியை ஏறிப் பார்த்தோம். அடுப்பு, எரிவாயு உருளை, இரண்டு மூட்டை கோதுமை மாவு, தண்ணீர்க் கேன்கள், மேலும் ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த அவருடைய மைத்துனன். "அவனை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றட்டுமா?" என்று கேட்டார். நான் மேடையின் பக்கம் சாட்சி சொன்னேன்.

வேலை நின்றிருந்த ஒரு காலையில், குழிக்குள் மறுபடியும் தண்ணீர் ஊறுவதைக் கண்டு அதன் காரணத்தை விசாரித்தேன். மழை விட்டுப் பல மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மட்டும் நீர் கசிந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் இந்தப் பக்கத்துக்காரர், முன்னே விவசாயம் செய்தவர். அவர் சொன்னது மிகச் சுருக்கம்: "இது வரத்துக்கால்வா போன எடம் சார். தண்ணிக்கு வழி மறக்காது."

அவர் துணையோடு அன்று மாலை உட்புறத்து ஏரிக்கரை ஒன்றின் மேல் நடந்தேன். தொண்டை மண்டலத்தில் ஏரி என்பது தனியாக நிற்கும் நீர்நிலை என்று கருதுவது தவறு. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர். அது நிறைந்தால் அதற்கடுத்தது. பாலாற்றிலிருந்து பிரிந்து, வழியிலுள்ள ஏரிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வரும் கம்பன் கால்வாய் ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் வந்து சேர்கிறது. அதன் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவும் கொண்ட அந்தப் பேரேரி சென்னையின் தாகத்தைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்று, மிஞ்சியதை அடையாற்றில் விடுகிறது. மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறைவைத்துக் கொடுக்க ஊருக்கு ஊர் நீர்க்கட்டி இருந்தார். 2015 டிசம்பர் முதல் தேதி, செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரையிலிருந்த சென்னை மூழ்கியபோது, பத்திரிகைகள் மதகைத் திறந்த நேரத்தைப் பற்றி நிறைய எழுதின. அந்த நீர் அங்கே வந்து சேர்ந்த வழிகளையும், அவ்வழிகளில் வழக்கமாகத் தங்கிச் செல்லும் இடங்கள் என்ன ஆயின என்பதையும் அவ்வளவு விஸ்தாரமாக எழுதியவர்கள் குறைவு. தொழிற்சாலை கட்டுகிறவர்கள் மேல் எனக்குப் பகை இல்லை. என் சோறு அவர்கள் போடுவது. ஆயினும், ஒரு குழி வெட்டுவதற்கு முன்னால் அந்த இடத்துக் கிழவர் ஒருவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் தொகை ஒதுக்கத் தேவையில்லை.

கரையின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் பலர். ஆந்திரத்துப் பையன்கள் இருவர் கைப்பேசியில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்; ஒடிசாக்காரர் சிலர் தூண்டில் போட்டிருந்தார்கள்; கல்லூரி மாணவர்கள் ஒரு கூட்டம். "ஏரி நாளைக்குக் கோடி போவும்" என்று பெரியவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொன்னார். சொன்னபடியே கலங்கல் வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமையில் ஸ்ரீபெரும்புதூர் சென்றேன். பூதபுரி என்று புராணப் பெயர் பெற்ற அவ்வூரில் ஆதிகேசவப் பெருமாள் யதிராஜநாதவல்லித் தாயாருடன் எழுந்தருளியிருக்கிறார். என்றாலும், ஜனங்கள் திரண்டு வருவது 1017-இல் அங்கே அவதரித்த இராமாநுஜரைச் சேவிப்பதற்குத்தான். அவர் இந்த ஊரில் பிறந்தாரே தவிர, இதிலேயே தங்கியவர் அல்லர். காஞ்சிக்குப் படிக்கச் சென்றார். திருவரங்கத்தில் மடத்தையும் கோயில் நிர்வாகத்தையும் ஏற்றார். மேல்கோட்டையில் நெடுங்காலம் இருந்தார். அவருடைய திருமேனிகள் மூன்று என்பது வைஷ்ணவ சம்பிரதாயம்: மேல்கோட்டையில் தமர் உகந்த திருமேனி, ஸ்ரீபெரும்புதூரில் தான் உகந்த திருமேனி, திருவரங்கத்தில் தானான திருமேனி. பிறந்த ஊரில் தம்மை வைத்துக்கொள்ள விரும்பிய அடியார்கள் வடித்த விக்கிரகத்தை அவரே ஆலிங்கனம் செய்து தம் சக்தியை அதில் இறக்கி அனுப்பினார் என்பது ஐதீகம். உத்தியோகத்துக்காக ஊரை விட்டுப் போகிற பிள்ளை, பெற்றோருக்குப் புகைப்படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொன்னால் பட்டர் கோபித்துக்கொள்ளக்கூடும். அதனால் அங்கே சொல்லவில்லை. அந்த விக்கிரகத்தை உயிருள்ள உடலாகவே பாவித்து, குளிர்காலத்தில் வெந்நீரில் திருமஞ்சனம் செய்வார்கள் என்று கேட்டபோது மட்டும் என் மனம் நெகிழ்ந்தது.

தரிசனம் முடித்து மண்டபத்தில் அமர்ந்தேன். தூண்களுக்கிடையே, சந்நிதிக்குப் போகாமலே உட்கார்ந்திருந்த இளைஞர்கள் எத்தனையோ பேர். கழுத்தில் நிறுவனத்து அடையாள அட்டையின் நாடா இன்னும் தொங்கியது. யாரும் அவர்களை எழுப்பவில்லை. ஊருக்கு வெளியே, 1991 மே 21 இரவில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் எழுப்பியிருக்கும் நினைவிடத்துப் புல்வெளியிலும் இதையே கண்டேன். ஏழு தூண்களின் தாத்பரியத்தை வாசித்துப் பார்க்கிறவர்களைவிட, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து அமர்கிறவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் நிழலைப் பார்த்துத்தான் அமர்ந்தேன்.

விடுதியில் என் அடுத்த அறைக்காரர் ஆம்பூர்க்காரர். பிளாஸ்டிக் வார்ப்பு யந்திரங்களை நிறுவிக் கொடுக்கும் மெக்கானிக். அவரை நிறுவனம் உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் பாவம், உலகத்தின் தலைநகரங்களுக்கு அல்ல, அவற்றுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பென்னலூர்களுக்கு. பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவுக்குத் தெற்கே லகூனா மாகாணத்தில் கலம்பா என்ற ஊருக்கு அவர் போய்வந்திருந்தார். மின்னணுச் சாமான்களும் கார்களும் செய்யும் தொழிற்பேட்டைகள் அந்த மாகாணத்தில் நிறைந்திருக்கின்றன. பக்கத்தூரான சாந்தா ரோசாவில் டொயோட்டாவின் தொழிற்சாலை. அதற்கு முன்னால் அங்கே நெல்லும் கரும்பும் விளைந்தன. பக்கத்திலேயே லகூனா தெ பாய் என்று அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி. "நம்ம ஊர்தான் சார். அண்ணன், அக்கான்னு முறை வெச்சுத்தான் கூப்பிடறாங்க. சோறுதான் மூணு வேளையும். ஜீப்னின்னு ஒரு வண்டி, நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி; காசை முன்னாடி இருக்கறவங்க கையில குடுத்தா, கை மாறி மாறி டிரைவருக்குப் போகும், பாக்கியும் அதே மாதிரி திரும்பி வரும்."

கலம்பாவைப் பற்றி அவர் சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. ஸ்பெயினின் ஆட்சியை எழுத்தால் எதிர்த்த ஹோசே ரிசால் 1861-இல் பிறந்த ஊர் அது. ரிசாலின் வீடு திரும்ப எடுத்துக் கட்டப்பட்டு நினைவாலயமாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டைப் பிள்ளைகள் அங்கேயும் தேவாலயத்து முற்றத்திலும் வந்து உட்காருகிறார்கள் என்றார். பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது இது: கலம்பாவின் நிலமெல்லாம் டொமினிக்கன் துறவியரின் பண்ணையாக இருந்தது, ரிசாலின் குடும்பமும் மற்றவர்களும் அதில் குத்தகைக்குப் பயிரிட்டவர்கள், குத்தகையைப் பற்றி வழக்காடியதன் பயனாக 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். கண் வைத்தியம் படித்து, ஐரோப்பாவிலும் ஹாங்காங்கிலும் அலைந்து, நாவல்கள் எழுதிய அந்த மனிதரை 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள். வயலாயிருந்து, பண்ணையாகி, வழக்காகி, கரும்புக் காடாகி, கடைசியில் தொழிற்பேட்டையாகிய நிலத்தின் சரித்திரம் அங்கே எழுத்தில் இருக்கிறது. அதை எழுதுவதற்கு ஒரு ரிசால் இருந்தார். நம் ஒரகடத்து வயல்களைப் பற்றி அப்படி ஒரு நாவலை யாராவது எழுதிக்கொண்டிருந்தால் நல்லது.

கொரியர்கள் இந்தப் பக்கத்தில் வந்து குடியேறி ஒரு தலைமுறை ஆகப் போகிறது. அவர்களுடைய எழுத்தில் பலகை மாட்டிய உணவு விடுதிகள் சாலையோரத்தில் தென்படுகின்றன. ஆம்பூர்க்காரர் ஒரு நாள் என்னை அப்படி ஒன்றுக்குள் அழைத்துச் சென்றார். சைவமாக எனக்குக் கிடைத்தவை சோறும், காரமும் புளிப்பும் சேர்ந்த முட்டைக்கோஸ் ஊறுகாயும். குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நடுவயதுக் கொரியர் ஒருவர், சாப்பிட்டு முடித்த பிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. காசு கொடுத்து உட்கார்ந்திருக்க முடிந்தவர் அவர்.

மாலை வேளைகளில் சாலையை நிறைத்துச் செல்பவை தொழிலாளர்களை ஏற்றிய பேருந்துகள். அவற்றில் பெரும்பாலும் பெண்கள், பதினெட்டு இருபது வயதினர். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், இன்னும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள். ஜன்னல்களில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போவார்கள். 2006-இல் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது இந்த வழக்கம் பெருகியது. 2014 நவம்பர் முதல் தேதி அது மூடப்பட்டபோது பேருந்துகள் ஓய்ந்தன. அந்தக் கட்டடத்தைப் பின்னர் சால்காம்ப் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. வேறு கைப்பேசிகளுக்காக வேறு பேருந்துகள் வந்தன. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டினால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து, இப்பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து இந்த நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர்கள், சங்கத்துக்கு அங்கீகாரம் கோரிப் பந்தலில் அமர்ந்து 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வழக்கில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் மேடை இல்லை. ஆனால் இவர்கள் உட்கார்ந்தபோதுதான் மற்றவர்கள் கண்ணில் பட்டார்கள் என்பதை எவர் மறுக்க முடியும்?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண்கள் தங்குவதற்கு சிப்காட் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார். நாட்டில் இதற்கு நிகரான ஏற்பாடுகள் அபூர்வம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்றபடியே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு வாய்ப்பு நேரும்போது இளைப்பாற இருக்கை வைக்க வேண்டும் என்று விதித்தது. 2021-இல் தமிழகச் சட்டமன்றம் கடைச் சிப்பந்திகளுக்கும் இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்கு மூன்றாண்டு முந்திக்கொண்டிருந்தது. ஆகவே வேலை செய்யும் இடத்தில் அமர்வதற்கும், இரவில் படுப்பதற்கும் சட்டமும் திட்டமும் வந்துவிட்டன. இரண்டுக்கும் நடுவில் மனிதனுக்கு மாலை என்று ஒரு பொழுது உண்டு. அந்தப் பொழுதில், யாரிடமும் அட்டையைக் காட்டாமல், காசு கொடுக்காமல், போலீஸ்காரர் வந்து விசாரிக்காமல் அவன் எங்கே இருப்பான் என்பதை இந்த நிலங்களுக்கு வரைபடம் போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் நடந்த சாலைகளில் லாரி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள், மழைநீர் ஓட வழி விட்டிருக்கிறார்கள், குரோட்டன்ஸ் செடிக்குக்கூடத் தொட்டி கட்டி வேலி போட்டிருக்கிறார்கள். ஒரு பெஞ்சு இல்லை. முன்னோர் வெட்டிய ஏரியின் கரையும், பழைய கோயிலின் மண்டபமும் இன்றைய தொழிலாளிக்கு அமர இடம் கொடுக்கின்றன. நேற்றுப் போட்ட சாலை கொடுக்கவில்லை.

பார்சல் வந்தது, கற்களும் வந்தன. குழிக்கு வரத்துக்கால்வாய்ப் பக்கமாக ஒரு வடிகால் வெட்டச் செய்து, உருளைகளை மாற்றி, இருபது கிலோ வார்ப்பிரும்புக் கற்களைக் கூலியாட்கள் கைமாற்றி அடுக்க அடுக்க, மூலைக்கு மூலை எண்ணைச் சரிபார்த்தேன். ஆய்வாளர் குறித்த நேரத்தில் வந்தார். கல் வைத்தும் வண்டி ஏற்றியும் பார்த்தார். பெட்டியைத் திறக்க முடியாதபடி கம்பி கட்டி ஈய முத்திரையை நசுக்கினார். சான்றிதழை அறைச் சுவரில் ஒட்டியாயிற்று. முதலில் ஏறிய வண்டி கழிவு இரும்பு.

இரவு வண்டிக்கு நேரம் இருந்ததால், அணுகுசாலையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் போய் நின்றேன். நோக்கியா காலத்திலிருந்து கடை நடத்துகிறவர், பேருந்துகள் ஓய்ந்த வருஷத்தில் கடையை மூடிவிட்டு வீட்டு வேலைக்குப் போனவர், மறுபடி திறந்தவர். கடையின் ஓரத்தில், உடைந்த சிமெண்டு மின்கம்பம் ஒன்றை இரண்டு கற்களின் மேல் கிடத்தியிருந்தார். அது முன்பு அங்கே இல்லை.

"உக்காருங்க சார், எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருப்பீங்க?"

ஏற்கெனவே நான்கு பெண்கள் அதில் அமர்ந்து, தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். இது எப்போது வந்தது என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"இது ரெண்டு வருசமா கீது சார். எடைஞ்சல்னு வண்டி கொண்டாந்து தூக்கினு போயி அந்தாண்ட பள்ளத்துல போட்டுட்டாங்க. நேத்து பசங்க எட்டு பேரு சேந்து தூக்கியாந்து வச்சிட்டாங்க."

"மறுபடியும் வந்து எடுத்துக்கொண்டு போனால்?"

"பள்ளம் எங்க போயிடும்? பசங்க எங்க போயிடுவாங்க?" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறதைப் பார்த்து உள்ளே ஓடினார். நான் தேநீருக்குக் காசு வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, பூந்தமல்லிப் பேருந்துக்காகச் சாலையைக் கடக்கத் தயாரானேன்.